சிவப்புக் காரின் கதவுக்குள் ரப்பர் ஷீட்

போன வாரம் மாணிக்க முதலாளியின் சிவப்புக் காருடைய வலது கதவைப் பிரித்தேன். உள்ளேயிருந்து புகை போட்ட ரப்பர் ஷீட் வாசனை குப்பென்று அடித்தது. உன் அப்பா வேலை செய்த ரப்பர் புகை வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு நாம் வீட்டுப்பாடம் எழுதுவோமே, கொப்பியெல்லாம் நாறுகிறது என்று டீச்சர் நம் இரண்டு பேரையும் கடைசி வாங்கில் உட்காரவைத்தாரே, அதே வாசனை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தாய், ஐந்தாம் நாள் ஆளில்லை. இப்போது ஒரு காரின் கதவுக்குள்ளிருந்து வந்து நிற்கிறாய். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேட்கவேண்டிய ஆள் நீதான் என்பதால் உனக்கே எழுதுகிறேன்.

அந்தக் கார் முதன்முதலில் கடைக்கு வந்து இரண்டு வருடம் இருக்கும். குருவிட்டயில் நம்முடையது சின்னக் கடைதானே. வேனுக்கும் த்ரீவீலருக்கும் நீ பாட்டு செட் பூட்டுவாய், நான் சீட்டுக்கும் கதவுக்கும் உறை தைப்பேன். இரண்டே கதவோடு, தரையை ஒட்டிப் போகிற அப்படியொரு காரில் நாம் கை வைத்ததே இல்லை. மாணிக்க வியாபாரம் செய்கிற முதலாளி அதிலிருந்து இறங்குவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. "இது காரா, மாணிக்கக் குழியாடி? கயிறு போட்டுத்தான் மேல தூக்கணும் போல" என்று என் காதில் சொன்னாய். நான் சிரிப்பை அடக்க முடியாமல் ரெக்சின் சுருளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

கடையில் விற்கிற ஸ்பீக்கர் பெட்டி வேண்டாம், இந்தக் காருக்கென்றே செய்து தா என்றார் முதலாளி. சீட்டுக்குப் பின்னால் இருந்த கொஞ்ச இடத்துக்கு அட்டையை வெட்டி வெட்டிப் பார்த்து, பலகையில் நீ பெட்டி செய்தாய். மூன்று தடவை அது உள்ளே போகவில்லை. மூன்று தடவையும் குற்றம் காரின் மேல்தான். கதவுத் தகரம் அதிராமலிருக்க உள்ளே ஒட்டுகிற மேட் விரிப்பை முதலாளியே கொழும்பிலிருந்து கொண்டுவந்தார். ஒரு பக்கம் தார் மாதிரி ஒட்டும், மறு பக்கம் வெள்ளித்தாள். நீ கதவை விரலால் தட்டித் தட்டி ஒவ்வொரு இடமாகக் காதை வைத்தாய். "சத்தத்த அடக்கணும்னா, மொதல்ல அது எங்க மோதுதுன்னு பாக்கணும்" என்றாய். கடைக்கு வருகிற எல்லோரிடமும் இதைத்தான் சொல்வாய். எனக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்தது.

மேட் ஒட்டவேண்டிய நாளில் என்னைச் சிவப்பு நூல் வாங்க ரத்தினபுரிக்கு அனுப்பினாய். அரை உருண்டை நூல் இருக்கிறதே என்றேன். "பத்தாதுடி, போயிட்டு வா" என்றாய். திரும்பி வந்தபோது இரண்டு கதவின் உள்பக்கத்தையும் பலகை போட்டு மூடி வைத்திருந்தாய். நான் ஒன்றும் யோசிக்காமல் அதன்மேல் உறையை இழுத்துப் பூட்டினேன். எல்லாம் முடிந்ததும் தோட்டத்துக் காமன் கூத்தில் ஃபோனில் பிடித்து வைத்திருந்த தப்பு மேளச் சத்தத்தைப் போட்டு, என்னைக் காருக்குள் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னாய். "தப்பு கதவுல அடிக்குதா, நெஞ்சுல அடிக்குதா?" என்று கேட்டாய். நெஞ்சில்தான் அடித்தது. அன்றைக்கு உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை வைத்துப் பார்த்தால் அதில் திருட்டு இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள்.

போன வாரம் வலது ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று முதலாளி காரைக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் வெள்ளி மேட் ஒரு துண்டுகூட இல்லை. கதவு முழுக்க நம் ஊர் ரப்பர் ஷீட், வரி வரியாக, அளவாக வெட்டி அழகாக ஒட்டியிருந்தாய். வெயிலில் நின்று நின்று ஒன்று இளகி, வழிந்து ஸ்பீக்கர் மேல் சாய்ந்திருந்தது. முதலாளி மூக்கை உறிஞ்சிவிட்டு, "இந்த வாசனைக்காகவே ஆளுங்கள ஏத்திக் காட்டுவேன் நங்கி. நல்ல காருக்கு உள்ள தோலு வாசம் இது" என்று பெருமையாகச் சொன்னார். தங்கச்சி முறை வைத்து அவர் சிங்களத்தில் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் மாத்தயா, காரை விட்டுவிட்டுப் போங்கள் என்றேன்.

அன்றைக்கு முழுக்க உன்னைத் திட்டினேன். மேட்டை எவனுக்கோ விற்றுவிட்டாய் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துத் தின்ற எனக்குத் தெரியாமல் இப்படி ஒரு வேலையா? உன்னைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் என்ன கணக்கு?

பின்னேரம் வீட்டுக்குப் போனதும் மழை பிடித்துக்கொண்டது. அம்மா படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் உறைத்தது.

முன்னொரு மழையில் மண் சரிந்து மேல் லயத்து வீட்டு வரிசையின் அடுப்படிகளை இழுத்துக்கொண்டு போனபோது அம்மா அங்கேதான் இருந்தார். கீழ் லயத்துக்கு என்னோடு வந்த பிறகும், தகரத்தில் மழை விழுந்தால் போதும், அடையாள அட்டை வைத்த பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவிடுவார். அந்தக் கார் கடையில் நின்ற நாட்களில் ஒருநாள் நீ வீட்டுக்கு வந்தபோது தேயிலைக்கு நடுவே நனைந்துகொண்டு நின்றார். நீ குடையைப் பிடித்துக்கொண்டு, மழை விடும் மட்டும் பக்கத்தில் நின்றாய். திரும்பி வந்ததும் கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கூரை ஒழுகுகிறது, அடைத்துத் தருகிறேன் என்று வந்தாய். நான் கோயிலுக்குப் போய் வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. அம்மாவின் கட்டிலுக்கு மேலே நம் கடையின் பழைய பேனரை இழுத்து அடித்திருந்தாய். அதற்குப் பிறகு அம்மா ஓடுவது குறைந்தது, பிறகு நின்றே போனது. சாமிக்கு நேர்ந்துகொண்டதுதான் பலித்தது என்று நான் தேங்காய் உடைத்தேன். நீயும் பக்கத்தில் நின்று கும்பிட்டாய், கள்ளன்.

முக்காலியில் ஏறிப் பேனரின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளித்தாள் மினுங்கியது.

மறுநாள் முதலாளியிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். உன் பேரைக் காப்பாற்ற ஏதாவது பொய் சொல்லலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன், வாயில் வரவில்லை. "ஒங்க மேட்டு எங்க வீட்டுக் கூரையில இருக்கு மாத்தயா" என்றேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு கோபப்பட்டார். பிறகு பிரித்திருந்த கதவுக்குள் குனிந்து பார்த்தார். "அவன் என்கிட்ட கேட்டிருக்கலாமே நங்கி" என்றார். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

எனக்கு அதுதான் சுட்டது. அவரிடம் கேட்டிருக்கலாம், என்னிடம் சொல்லியிருக்கலாம். கேட்டால் இல்லை என்பார்கள் என்றே பழகிப்போன நம் புத்தியா? என் முகத்தில் நன்றி தெரிவதைப் பார்க்க உனக்கு வெட்கமா? ரப்பர் ஷீட்டைச் சுரண்டி எடுத்து, முதலாளி கொண்டுவந்த புது மேட்டை ஒட்டி, காரை அனுப்பிவிட்டேன். கூரையில் இருப்பதைக் கழற்றித் தருகிறேன் என்றதற்கு அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். போகும்போது கண்ணாடியை இறக்கி, "இப்ப பழைய வாசம் இல்லயே" என்றார். அதைக் குறையாகத்தான் சொன்னார்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். மண் சரிந்த அன்று அம்மாவை எழுப்பி வெளியே துரத்தியதே அந்தத் தகரச் சத்தம்தான். அது காதில் விழுந்ததால்தான் அவர் உயிரோடு இருக்கிறார். நீ அதைத்தான் அடக்கிவிட்டுப் போயிருக்கிறாய். சத்தம் எங்கே மோதுகிறது என்று பார்த்தாயே, அது எதற்காக வருகிறது என்று பார்த்தாயா? அம்மா நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்தால் உன்னைக் கும்பிடத் தோன்றுகிறது. பின்பக்கத்து மலையைப் பார்த்தால் அடிக்கத் தோன்றுகிறது. அந்த மேட்டைக் கழற்ற இரண்டு தடவை முக்காலியில் ஏறினேன். இரண்டு தடவையும் கை வரவில்லை.

இன்றைக்கும் மத்தியானத்திலிருந்து நல்ல மழை. தையலை நிறுத்திவிட்டு அடுப்படியில் வந்து நின்றுகொண்டிருக்கிறேன். இங்கே நீ எதுவும் ஒட்டவில்லை, தகரம் அலறுகிறது. எவ்வளவு பெய்கிறது, பின்னால் மண் நகர்கிற சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். அம்மாவின் பை என் தோளில் இருக்கிறது. அம்மா தூங்குகிறார்.