தெருமுனையில் நின்ற குழாய்

தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

கேஸை ஒழித்து வீடுகளைச் சூடாக்க அரசு கொண்டுவந்த வெந்நீர்க் குழாய்த் திட்டத்தில் எங்கள் தெருவும் உண்டு என்றாய். நகராட்சிப் பொறியாளனான நீயே சொல்கிறாய் என்று நம்பி வீடு வீடாகச் சம்மதக் கையெழுத்து வாங்கினேன். "புது கேஸ் கொதிகலன் வாங்காதீங்க, குளிர்காலத்துக்குள்ள குழாய் வந்துடும்" என்று பக்கத்து வீட்டு பிர்த்தேயிடம் சொன்னதும் நான்தான்.

நேற்று நகராட்சி மன்றத்தில் வரைபடத்தை விரித்தார்கள். குழாய் எங்கள் தெருமுனையோடு நிற்கிறது. நான் கையெழுத்து வாங்கும் முன்பே, மார்ச்சிலேயே, உன் அலுவலகத்தில் முடிவானதாம். கோபன்ஹேகனில் இருக்கும் அரசிடம் மானியம் வாங்க எங்கள் கையெழுத்து மட்டும் போதுமாக இருந்ததாம்.

பிர்த்தேயின் கொதிகலன் போன வாரமே நின்றுவிட்டது. வீட்டுக்குள்ளும் கோட்டோடுதான் இருக்கிறாள்.

"உன் தம்பிக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"உனக்கு?"

"சத்தியமா தெரியாது" என்றேன். அவள் நம்பவில்லை.

மேல்முறையீட்டு வாரியத்தில் இன்று மனு கொடுத்துவிட்டேன். உன் பெயரையும் எழுதியிருக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல முடிந்தால், அங்கே வந்து சொல்.

உன் அக்கா