நீவெஸின் வண்டிக்கு வேறு எஞ்சின்

1997 மார்ச் 8, சனி

எஞ்சின் வந்துவிட்டது. மச்சான் இவானோ தன் மூன்று சக்கர வண்டியில் பழைய மெத்தை விரித்து, அதன்மேல் படுக்க வைத்துக் கொண்டுவந்தான். நசுங்கிப்போன ஒரு 126 மாடல் காரிலிருந்து கழற்றியது. அறுநூற்று ஐம்பத்திரண்டு சிசி. எங்கள் குட்டிக் கார் சின்குவெசென்தோவில் இருப்பது நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.

"ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி, மச்சான். ஒரே சனிக்கிழமையில மாட்டிடலாம்" என்றான்.

நீவெஸ் மாடியில் துணி உலர்த்திக்கொண்டே பார்த்தாள். வண்டி அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பு மீன் ஆலைச் சம்பளத்தில் அவளே வாங்கியது. "இதை யாரு கேட்டா?" என்று தம்பி இவானோவைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

யார் கேட்டதா? ஜூன் 2 முதல் மலைமேல் கொல்லேத்தாவில் பிள்ளைகள் விடுதியில் அவளுக்குச் சமையல் வேலை. காலை ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும். முதல் பஸ்ஸே ஏழரைக்குத்தான். எனக்கு ஆறு மணிக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட். அவளே ஓட்டிப் போனால்தான் அந்த வேலை. அவளோ அக்டோபருக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

மார்ச் 9

அக்டோபரில் நடந்தது இவ்வளவுதான். தேவாலய வளைவு ஏற்றம். நீவெஸ் ஓட்டுகிறாள், நான் பக்கத்தில். பின்னால் பஸ். பாதி ஏற்றத்தில் எஞ்சின் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அப்புறம் வண்டி ஒரு துள்ளு துள்ளி, காய்கறிக் கடை பீச்சே அம்மாவின் பெட்டிகளில் போய் முட்டியது. பஸ் முழுக்கச் சிரிப்பு. நீவெஸ் இறங்கினாள், சாவியை என் கையில் வைத்தாள், நடந்தே வீட்டுக்குப் போனாள். எஞ்சினுக்குத் தெம்பு போதவில்லை. வேறென்ன?

மார்ச் 22

பழையதைக் கழற்றியாயிற்று. முக்கால் மணி நேரம். இப்படியே போனால் ஈஸ்டருக்கே ஓடும்.

ஏப்ரல் 5

ஓடாது. புது எஞ்சின் உட்காரவே மாட்டேன் என்கிறது. அடியிலிருக்கும் ஆயில் தொட்டி பெரியது, வண்டியின் பின்பக்கக் குறுக்குத் தகட்டில் இடிக்கிறது. ஜாக்கியில் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, நான்கு மணி நேரம். கைமுட்டியில் தோல் இல்லை.

"அண்ணன் தம்பின்னியே?"

"அண்ணன் தம்பின்னேன். இடுப்பளவும் ஒண்ணுன்னு சொன்னேனா?" என்கிறான் இவானோ. ஃபொக்காச்சா ரொட்டி தின்றுகொண்டே சொன்னான். அந்த ஜாக்கியாலேயே அவனை அடித்திருப்பேன்.

ஏப்ரல் 6

குறுக்குத் தகட்டை வெட்டினேன்.

ஏப்ரல் 7

வெட்டியது கோணல்.

ஏப்ரல் 25

விடுமுறை. ஊரே கடற்கரையில், நான் வண்டிக்கு அடியில். வெல்டு வைக்கத் தெரிந்த ஆள் வந்து தகட்டைச் சரிசெய்துவிட்டுப் போனார். எஞ்சின் உட்கார்ந்தது. எஞ்சினை மூடும் பின்மூடிதான் சாத்த வரவில்லை. பரவாயில்லை, கோடையில் எல்லோரும் எஞ்சினுக்குக் காற்று வேண்டுமென்று மூடிக்குக் கட்டை கொடுத்துத்தானே ஓட்டுகிறார்கள். கட்டை கொடுத்துவிட்டேன்.

இவானோவோடு சண்டை ஸ்டார்ட்டரில் வந்தது. புதியதோடு வந்த ஸ்டார்ட்டர் சாவியைத் திருப்பினாலே வேலை செய்யும். எங்கள் வண்டியில் சாவி கரண்ட் மட்டும்தான் கொடுக்கும். இரண்டு இருக்கைக்கும் நடுவே இருக்கும் குட்டி லிவரை மேலே இழுத்தால்தான் எஞ்சின் கிளம்பும். பழைய ஸ்டார்ட்டரையே மாட்டுவோம் என்றேன்.

"இருக்கிற நல்லதைக் கழட்டிட்டுக் கெட்டதை மாட்டுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

"லிவர் இல்லாட்டி அது சின்குவெசென்தோவாடா?"

இவானோ கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். போகட்டும்.

மே 4

பழைய ஸ்டார்ட்டர் மாட்டினேன். லிவரை இழுத்தால் பல் கடிக்கிற சத்தம். கேபிளைக் குறைத்தேன், கூட்டினேன், மறுபடி குறைத்தேன். மண்டை காய்ந்துவிட்டது. என்ன ஜென்மம் இது? இதற்குக் கழுதை வாங்கியிருக்கலாம்.

நீவெஸ் காபி கொண்டுவந்தாள்.

"அந்த லிவரை எடுத்துடேன், ஓரெஸ்தே."

"ஏன், லிவர் உன்னை என்ன பண்ணுச்சு?"

"லிவர் ஒண்ணும் பண்ணலை" என்றாள். காபியை மட்கார்டு மேல் வைத்துவிட்டு மாடி ஏறினாள்.

மே 11

கிளம்பிவிட்டது! லிவரை இழுத்தேன், ஒரே இழுப்பு. சந்து முழுக்கப் புகை, அப்புறம் நல்ல கனத்த சத்தம். நானே வளைவுவரை ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் கியரிலேயே ஏறுகிறது. கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

ஓடிப்போய் நீவெஸைக் கூட்டிவந்தேன். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். அவள் ஏறவில்லை.

"நீ இறங்கு. நான் ஏறுறேன்."

"தனியாவா? எந்த இடத்துல எந்த கியர்னு யாரு சொல்லுவா?"

"சரி. விடுதிக்கு ஃபோன் பண்ணி வரலைன்னு சொல்லிடுறேன்."

"இவ்வளவும் யாருக்காகப் பண்ணேன்? ரெண்டு மாசம்! கையைப் பாரு!"

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஏன் ஓட்டலைன்னு என்கிட்ட கேட்டியா?"

நான் இறங்கவில்லை. அவள் ஏறவில்லை. எஞ்சினை அணைத்தேன்.

மே 12

சாப்பிட்டு முடித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சரி, அக்டோபரில் நடந்ததை இங்கேயாவது உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

வண்டி நின்றது அவளால்தான், கிளட்சைச் சீக்கிரம் விட்டுவிட்டாள். அது யாருக்கும் நடக்கும். பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்தான். அவள் "இரு, இரு" என்றாள். நான் இருக்கவில்லை. கையை நீட்டி லிவரை இழுத்தேன். வண்டி முதல் கியரில் இருந்தது. துள்ளியது. முட்டியது. எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். "பொம்பளை ஓட்டுனா இப்படித்தான்" என்று ஒருவன் கத்தினான். நான் வாயைத் திறக்கவில்லை. தக்காளி பொறுக்கினேன்.

எழுதியாயிற்று. அவளிடம் சொல்லத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது. அவளுக்குத் தெரியாதா என்ன? பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாள்.

மே 20

விடுதிக்கு ஃபோன் பண்ணிவிட்டாளா? கேட்கப் பயமாக இருக்கிறது.

மே 29

கார்பரேட்டர் மக்கர். எனக்கு இரட்டை ஷிஃப்ட். வேறு வழியில்லாமல் வண்டியை இவானோ வீட்டுக்குக் கொண்டுபோனேன். "விட்டுட்டுப் போ, பாத்துக்கிறேன்" என்றான். திட்டவில்லை. அவன் திட்டாவிட்டால் எனக்கு நெருடும்.

ஜூன் 1, ஞாயிறு

காலை பத்து மணிக்கு வாசலில் ஹார்ன். எட்டிப் பார்த்தால் நீவெஸ். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் ஸ்டியரிங்கில். இவானோ எங்கும் இல்லை. அவன் வீட்டிலிருந்து தானே ஓட்டிவந்திருக்கிறாள்.

"வர்றியா? வந்தா பேசாம வா."

பேசாமல் உட்கார்ந்தேன். மணிக்கூண்டு தாண்டினோம், பாலம் தாண்டினோம். ஏற்றத்தில் எஞ்சின் அலட்டிக்கொள்ளவே இல்லை. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். தேவாலய வளைவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் அடித்தாள். எஞ்சின் அணைந்துவிட்டது. பின்னால், வேறு என்ன, பஸ். ஹார்ன்.

என் கை லிவருக்குப் போய்விட்டது. சத்தியமாக நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது. லிவரை இழுத்தேன். கையோடு தொளதொளவென்று மேலே வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன்.

நீவெஸ் ஹேண்ட்பிரேக்கைப் போட்டாள். நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் கிளம்பியது. முதல் கியர் போட்டு, பஸ்காரனுக்குக் கை காட்டிவிட்டு ஏறினாள். பீச்சே அம்மா கடை வாசலிலிருந்து பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"கேபிளை இவானோ கழட்டிட்டான். சாவி ஸ்டார்ட்டரைப் போட்டுட்டான். நான்தான் சொன்னேன்" என்றாள், சாலையைப் பார்த்தபடி.

லிவர் இன்னும் என் கையில் இருந்தது. "அப்ப இதை மட்டும் ஏன் விட்டுவச்ச?"

"உன் கைக்கு ஏதாவது வேணுமே."

கொல்லேத்தா வரும்வரை லிவரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். விடுதி வாசலில் வண்டியை நிறுத்தியதும், "அன்னைக்கு நான்தான் இழுத்தேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். இறங்கிப்போய்ச் சமையல்கட்டு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வந்தாள்.

ஜூன் 2

ஐந்தே முக்காலுக்குத் தனியாகப் போனாள். மூன்று மணிக்கு வந்தாள், பிள்ளைகளுக்குச் செய்த சூப்பில் மீதியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு.

"வழியில நின்னுச்சா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை" என்றாள், ரொட்டியை நறுக்கிக்கொண்டே.