ஜாடிச் செடிக்கு ஊற்றிய போர்த் தண்ணீர்

என் பிரியமான மச்சானுக்கு,

அல்லாஹ் உங்கள் கப்ருக் குழியை விசாலமாக்கி வைக்கட்டும். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. முகத்துக்கு நேரே சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். உங்கள் செடிகள் செத்துவிட்டன. நீங்கள் இருக்கும்போதே செத்துவிட்டன.

செய்யூரில் ஒரு வீட்டுக்கு ஒயரிங் வேலைக்குப் போன நீங்கள், சவுக்குத் தோப்போரத்து ஈர மணலிலிருந்து அந்தச் சின்னச் சிவப்புச் செடியைப் பெயர்த்து, சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தீர்களே, நினைவிருக்கிறதா? ரூபாய் நாணயம் அளவுதான் இருந்தது. இலையெல்லாம் பசைத் துளி. கொசு ஒன்று ஒட்டியதும் இலை முடிகள் வளைந்து அதை அமுக்கின. உங்கள் அம்மா பதறிப்போய், "இன்னாடா இது, கவுச்சி துன்ற செடியா?" என்றார்கள். நீங்கள் சிரித்த சிரிப்பு கேளம்பாக்கம் பஜார் வரைக்கும் கேட்டிருக்கும்.

பிறகு நர்சரியில் ஜாடிச் செடி வாங்கினீர்கள். இலை நுனியில் மூடி போட்ட ஜாடிகள் தொங்கும். எறும்பு உள்ளே வழுக்கி விழுந்தால் ஏறி வராது. அதில் கறித் துண்டு போடப்போன உங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "எரு வேணாம், கறி வேணாம், மழைத் தண்ணி போதும்மா. போர்வெல் தண்ணியில உப்பு கீது. ஊத்துனா செத்துப்பூடும்." மழை பிடிக்க மொட்டை மாடியில் எத்தனை கேன்கள்! எனக்கு ஒரு குடம் குடிதண்ணீர் பிடித்துத் தராத மனுஷன் என்று சண்டை போட்டேன்.

அந்த வருஷம் மழையும் பொய்த்தது, உங்கள் ஈரலும் கெட்டது. ரோட்டை அகலப்படுத்தத் தோண்டிப் போட்டிருந்த புழுதியில், வீட்டுக்கும் சென்னை ஆஸ்பத்திரிக்குமாக பஸ்ஸில் அலைந்தேன். கடைசிக் கேன் காலியான அன்று போர்த் தண்ணீரை ஊற்றினேன். ஒரு தடவைதானே என்றுதான் நினைத்தேன். அப்புறம் தினமும் அதுவே. மண்மேல் வெள்ளை பூத்தது. ஜாடிகள் ஒவ்வொன்றாகக் கருகின. சிவப்புச் செடி இருந்த இடமே தெரியவில்லை.

அந்த வாரம்தான் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

"இன்னா மும்தாஜு, ஜாடி புதுசா வுட்டுச்சா?" என்றீர்கள்.

"ரெண்டு வுட்டுகீது மச்சான்."

"செத்துப்பூட்டிருந்தா சொல்லிடு. நான் ஒண்ணும் திட்ட மாட்டேன்."

"நல்லாத்தான் கீது. நீங்களே வந்து பாருங்க."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தீர்கள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அதற்கப்புறம் செடியைப் பற்றிக் கேட்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்றும் கேட்கவில்லை. அன்று நீங்கள் கேட்டது செடியைத்தானா மச்சான்? தெரிந்துதான் திரும்பிக்கொண்டீர்களா? அதன்பின் ஒன்பது நாள் இருந்தீர்கள். ஒன்பது நாளும் கஞ்சி, மாத்திரை, விசிறி என்று அதையே பேசினோம்.

நீங்கள் மவுத்தான மறுவாரம் கொட்டியது மழை. எல்லாக் கேனும் நிரம்பி வழிந்தது. விதையாவது முளைக்காதா என்று காய்ந்த தொட்டிகளை அந்தத் தண்ணீரில் வைத்தேன். பாசிதான் பிடித்தது. செய்யூருக்கும் ஒரு நாள் போனேன். எந்தத் தோப்பு என்று உங்களிடம் நான் கேட்டு வைத்திருக்கவில்லையே. வெயிலில் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

இப்போது உங்கள் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார்கள். நேற்று இங்குள்ள டாக்டரும் என்னைத் தனியாகத்தான் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்ததும், "இன்னாம்மா சொன்னாரு?" என்று கேட்டார்கள். "நாளைக்குச் சொல்றேன் மாமி" என்று சமையலறைக்குள் போய்விட்டேன்.

இன்று நாஸ்தா கொடுத்துவிட்டுச் சொல்லிவிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்து, கேட்பதற்கெல்லாம் உள்ளபடி பதில் சொல்வேன். அவர்களும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். நான் எழுந்து போக மாட்டேன். உங்களுக்கு என்னால் தர முடிந்த வாக்கு இது ஒன்றுதான்.

உங்கள் மனைவி,
உங்கள் அம்மாவுக்கு மருமகள்,
மும்தாஜ்