கீழ் அறை வேண்டாம், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே நானும் என் இருமலும் நலம். உன் மூன்று கடிதங்களுக்கும் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். எழுத உட்காருவேன், பேனா ஓடாது. இன்று பள்ளிக்கூட விஷயத்திலிருந்து தொடங்குகிறேன்.

இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குக் கடல்மட்டக் கணக்கு நடத்துகிறேன். துறைமுக அலுவலகத்தில் நாற்பது வருஷத்து அளவுகளை, மாதத்துக்கு ஒரு எண்ணாக, வாங்கி வந்து கொடுத்தேன். எண்கள் குரங்கு மாதிரி ஏறும், இறங்கும். வகுப்பில் ஒரு வாயாடி இருக்கிறாள். கடைசி இரண்டு வருஷத்தை மட்டும் வரைந்துவிட்டு, "டீச்சர், கடல் இறங்குது! நீங்கதான் சும்மா பயமுறுத்துறீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு வருஷா வருஷம் சராசரி எடுத்து, நாற்பதையும் ஒரே தாளில் வரையச் சொன்னேன். வரைந்து முடித்ததும் அவளே, "ஏறுது டீச்சர்" என்றாள், சுருதி குறைந்து. வருஷத்துக்கு மூன்று மில்லிமீட்டர். மொத்தம் பன்னிரண்டு சென்டிமீட்டர்.

இவ்வளவுதானா என்று வகுப்பு அலுத்துக்கொண்டது. அப்போது படகு மெக்கானிக்கின் மகள் எழுந்தாள். வாயே திறக்காத பெண். ஸ்கேலில் பன்னிரண்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "எங்க வீட்டு வாசப்படி இவ்வளவு உயரம்தான் டீச்சர்" என்றாள்.

மூன்றாம் நாள் அவள் அப்பா வந்தார், கை எண்ணெயைக்கூடக் கழுவாமல். "பொண்ணு சரியா சாப்பிடல. சாமானையெல்லாம் பரண்மேல ஏத்துது. படிக்க அனுப்பினா பயத்தையா கத்துக் குடுக்குறீங்க?" என்றார். தலைமையாசிரியை, இந்தப் பாடத்தை விட்டுவிடேன் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் மகள் வரைந்த தாளை அவர் முன் விரித்தேன். கோட்டின்மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். தப்பாக இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டார். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஏறுவது நிஜம் என்றேன்.

"நீங்களும் எங்க தெருதானே?"

ஆமாம், நாலு வீடு தள்ளி என்றேன்.

"அப்ப நீங்க ஏன் இன்னும் அங்கேயே இருக்கீங்க?"

என் அக்கா வேலை முடிந்து ஊருக்கே திரும்பி வரப்போகிறாள், கடலைப் பார்த்த கீழ் அறையைக் கேட்டிருக்கிறாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

தெருவில் எந்த வீடு எவ்வளவு பள்ளம் என்று அளக்க அவரிடமே உதவி கேட்டேன். சனிக்கிழமை, கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயோடு வந்தார். இருபத்தேழு வீட்டு வாசற்படிகளையும் பிள்ளைகளோடு அளந்தோம். வாயாடி அளவைக் கத்துவாள், மெக்கானிக் மகள் எழுதுவாள். கைக்கு வேலை வந்ததும் அவள் முகம் தெளிந்துவிட்டது. மத்தியானம் என் சாப்பாட்டு டப்பாவையும் சேர்த்துக் காலி செய்தாள். பட்டியலை நகராட்சியில் கொடுத்தோம். கடல் தண்ணீர் எதிர்த்து ஏறாதபடி சாக்கடை வாய்களுக்கு மூடி போடுகிறார்களாம். சில வருஷம் தாங்கும்.

பட்டியலில் நம் வீடு மூன்றாவது பள்ளம்.

இதற்குமேல் மறைக்க முடியாது. போன இரண்டு பௌர்ணமிக்கும் நீ கேட்கிற அறையில் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. முதல் தடவை துடைத்துவிட்டு, எல்லாம் சௌக்கியம் என்று உனக்கு எழுதினேன்; அதற்கப்புறம் பொய் எழுத மனம் வராமல்தான் பதிலே போடவில்லை. உன் முழங்காலுக்கு மாடியும் ஆகாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். படியே கிடையாது, காற்று நன்றாக வருகிறது. கடல் மட்டும் தெரியாது. ஜன்னலில்லாத ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் எதை நினைத்துக்கொண்டு வேலை பார்த்தாய் என்று எனக்குத் தெரியாதா?

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் போடு, வருவதை மட்டும் தள்ளிப் போடாதே. திட்டுவதானால் நேரில் வந்து திட்டு. உன் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிறது.

இப்படிக்கு,
உன் பயந்தாங்கொள்ளித் தங்கை