சத்தமில்லாத அறையில் படிக்க முடியாத என் தங்கை

அனுப்புநர்
ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அக்கா,
தையல் கடை மாடி வீடு.

பெறுநர்
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: கவனம் நிலைக்காத என் தங்கையைத் தனி அறையிலிருந்து வகுப்புக்கு மாற்றவும், சிறப்பாசிரியர் அவளைப் பார்க்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். நேரில் வந்தால் எனக்குப் பேச்சு எழாது என்பதால் எழுதுகிறேன்.

1. என் தங்கையை வீட்டில் குருவி என்போம். கணக்கைத் தொடங்கி, பாதியில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வகுப்பாசிரியை அக்கறையோடு அவளை ஆய்வகப் பொருட்கள் வைக்கும் அறையில் தனியே உட்கார வைத்தார். அங்கே சத்தமே இல்லை. விடைத்தாளிலும் ஒன்றும் இல்லை. ஆண்டுத் தேர்விலும் இப்படியே என்றால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

2. இதே தவறை நாங்களும் செய்தோம். அவள் புத்தகத்தை எடுத்ததும் அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். ஒருநாள் திரைச்சீலைகளை அவசரமாகக் கொடுக்க வேண்டியிருந்ததால் நிறுத்தவில்லை. குருவி நிமிராமல் பாடத்தை முடித்தாள். "ஏண்டி, உன்னை யாரு சேரோட சேத்துத் தைச்சது?" என்று அப்பா கேட்டார். "மிஷினை நிறுத்தினா பல்லி நடக்குறதுகூட கேக்குதுப்பா" என்றாள்.

3. அன்றிலிருந்து அவளைக் கவனித்து வருகிறேன். இயந்திரம் ஓடினால் எழுதுகிறாள்; தொலைக்காட்சி பேசினால் எழுதுவதில்லை. துணித்துண்டு ஒன்றைக் கையில் திருகிக்கொண்டே இருந்தால் கேள்வியைக் கடைசிவரை படிக்கிறாள். நின்று எழுதும்போது எழுத்து கோணுகிறது, விடை சரியாக இருக்கிறது. தொட்டிலிலிருந்தே அந்தச் சத்தத்தில் வளர்ந்ததாலா, அவள் மூளையின் போக்கே அப்படியா? எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள மிகவும் ஆவலாக இருக்கிறது. என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம். தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

4. ஆசிரியை மீது எனக்குக் குறை இல்லை. "நானும் என்னதாம்மா பண்றது?" என்று அவர் கேட்டது உண்மையான கேள்விதான். அதையேதான் இப்போது தங்களிடம் கேட்கிறேன்.

ஆகவே, தேர்வுக்கு முன், கற்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் ஒருவர் குருவியைப் பார்க்கவும், அதுவரை வகுப்பின் கடைசி மேசையில் அவள் நின்று எழுதவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். வேறு பள்ளி என்ற பேச்சு அவள் காதிலும் விழுந்துவிட்டது. நேற்று மாலை முழுவதும் உட்கார்ந்து, சீருடையில் உள்ள பள்ளிச் சின்னத்தைச் சுற்றி அவளே மறுபடியும் கையால் தைத்திருக்கிறாள். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

நாள்: பிப்ரவரி 9
இடம்: தையல் கடை மாடி

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
குருவியின் அக்கா