சபூராவுக்கு விழுந்த இருபது

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
14.11.2024

அன்பின் யசோ,

அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் எல்லாரும் சுகம். நோர்வேக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? இங்கே மழை விட்டபாடில்லை. நேற்று ஒரு பெரிய கப்பல் நான் வேலை செய்யும் கந்தோர் யன்னலுக்கு நேரே வந்து நின்றது. கரைக்கு இவ்வளவு கிட்ட இவ்வளவு ஆழமா என்று நான் இன்னும் வாய் பிளக்கிறேன்.

எங்கள் விளையாட்டைத் தங்கச்சி றஹ்மாவுக்கு விளங்கப்படுத்தப் பட்ட பாடு! "யசோ கதை சொல்லுவா. அதுல நான் சபூரா எண்ட கப்பலோட்டி. சபூரா என்ன செய்யிறா எண்டு எழுதி, இருபது முகத் தாயக்கட்டையை எறிஞ்சு, விழுந்த எண்ணை அனுப்புவன். சரிவந்ததா இல்லையா எண்டு அவ விதிப் புத்தகத்தைப் பார்த்து எழுதுவா" என்றேன். "அதுக்கு நோர்வேக்கு முத்திரை ஒட்டோணுமா ராத்தா?" என்றாள். போனில் விளையாடினால் ஒரு கிழமையில் கதை முடிந்துவிடும் என்பது அவளுக்கு எங்கே விளங்கப் போகிறது.

இனிச் சபூரா. புயல் எதிரே நிற்கிறது. அவள் பாயை இறக்கவில்லை. தன்னைச் சுக்கானோடு கட்டிக்கொண்டு படகை நேரே அதற்குள் விடுகிறாள்.

எறிந்தேன். இருபது.

கட்டையை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அன்புடன்,
சுஹைரா


பேர்கன், நோர்வே.
06.12.2024

அன்புச் சுஹைரா,

இருபதா! குசினியில் வைத்து வாசித்தேன். கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி நின்றுவிட்டேன். ஆர்வத்தில் தேத்தண்ணியையும் கொட்டி, அம்மாவிடம் ஏச்சும் வாங்கினேன்.

கேள். அலை வானம் வரைக்கும் எழும்பியது, எழும்பியபடியே அசையாமல் நின்றது. அதன் உள்ளே திமிங்கிலங்கள் ஒளிவிட்டுக்கொண்டு நீந்தின. அவற்றில் மூத்தது சபூராவின் உடைந்த படகைத் தன் முதுகில் ஏற்றியது. அந்தக் கடலில் இருந்த கப்பல்கள் எல்லாம் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கின.

அடுத்து என்ன செய்யப் போகிறாள்? கெதியாய் எழுது.

உன்
யசோ


திருகோணமலை.
02.01.2025

யசோதரா,

கடிதம் கிடைத்தது. அழகாக எழுதியிருந்தாய். அதுதான் இன்னும் கூடச் சுட்டது.

இருபது விழுந்தால் பாத்திரம் சாக வேண்டும். புத்தகத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எறிந்த அன்று நான் அழுதேன். "என்ன ராத்தா, ஆரும் மௌத்தாப் போயிட்டாங்களா?" என்று றஹ்மா ஓடி வந்தாள். சபூராவுக்கு ஒரு நல்ல முடிவு எழுதுவாய் என்று பார்த்திருந்தேன். நீ திமிங்கிலத்தை அனுப்பியிருக்கிறாய்.

இந்த ஒரு வருடமும் இப்படித்தான். மூன்று விழுந்த அன்று கப்பலைப் பறித்தாய். நான்கு விழுந்த அன்று சிறையில் போட்டாய். நான் வென்றால் உனக்குப் பொறுக்காது, தோற்றால் ஓடி வந்து பாவம் பார்ப்பாய். நீ வெளிநாடு போனவள், நான் இங்கேயே கிடக்கிறவள் என்பதால்தானே? உன் இரக்கம் எனக்கு வேண்டாம். இனி எழுத மாட்டேன்.

சுஹைரா


பேர்கன்.
25.01.2025

அடி சுஹைரா,

எத்தனை தரம் போன் எடுத்தேன், நீ தூக்கவில்லை. இதையாவது கிழிக்காமல் வாசி.

என் புத்தகத்தில் இருபதுதான் உச்சம். எண் கூடக் கூட வெற்றி, குறையக் குறையத் தோல்வி. உனக்கு என்ன விசரோ என்று எனக்கும் கோபம்தான் வந்தது. பிறகு முதற்பக்கத்தைத் திருப்பினேன். மூன்றாம் பதிப்பாம். உன்னுடையது பாஹிம் மாமா டுபாயிலிருந்து கொண்டுவந்த பழசு அல்லவா? நீ பெயரைச் சொன்னாய், நான் அதே பெயரில் அதே அட்டையோடு வாங்கினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு பந்தி இருக்கிறது: பழைய பதிப்பில் சின்ன எண்ணே நல்லது, இரண்டையும் சேர்த்து விளையாடுவதென்றால் விழுந்த எண்ணை இருபத்தொன்றிலிருந்து கழிக்கவும். கடைசிப் பக்கத்தை ஆரடி வாசிக்கிறது!

ஒரு வருடமாக நாங்கள் இரண்டு வேறு விளையாட்டு விளையாடியிருக்கிறோம். கதை ஓரிடத்திலும் உடையவில்லை.

கழித்துப் பார்த்து எல்லாவற்றையும் திருத்தட்டுமா? அப்படியென்றால் கப்பல் திரும்பக் கிடைக்கும், சிறையும் இல்லை. ஆனால் புயலில் சபூரா இறந்துவிடுவாள். நீ சொல்கிறபடி செய்கிறேன். கோபத்தை மட்டும் விடு.

யசோ


திருகோணமலை.
16.02.2025

அன்பின் யசோ,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் கந்தோரில் சத்தமாகவே "சுப்ஹானல்லாஹ்" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்கழிக் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி நின்றேன் என்று எழுதியிருக்கிறாய். அன்று அதை நடிப்பு என்று நினைத்தேன். எனக்காக ஒருவர் எழும்பி நின்றது என் ஆயுளில் அதுதான் முதல் தரம். அது இரக்கம் இல்லை என்று இப்போது தெரிகிறது.

ஒன்றையும் திருத்தாதே. நான் ஒரு அதிர்ஷ்டக்காரியை அனுப்பிக்கொண்டிருந்தேன், நீ கஷ்டப்பட்டு எழும்புகிற ஒருத்தியை எழுதிக்கொண்டிருந்தாய். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் அவள் இரண்டுமாக வளர்ந்திருக்கிறாள். அப்படி ஒருத்தியைத் தனித்தனியே ஆக்க உன்னாலும் ஏலாது, என்னாலும் ஏலாது. அவளை நினைத்தால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

என் புத்தகத்தில் அவள் இறந்தவள். ஆகவே இனி உன் புத்தகம்தான், பெரிய எண்தான் வெற்றி. திமிங்கிலத்தின் முதுகிலிருந்து இறங்கி, பெயர் தெரியாத ஒரு கரையில் சபூரா கால் வைக்கிறாள். காவல்காரர் ஈட்டியோடு ஓடி வருகிறார்கள். அவள் வெறுங்கையோடு அவர்களை நோக்கி நடக்கிறாள்.

எறிந்தேன். இரண்டு.

பாவம் பார்க்காதே.

அன்புடன்,
சுஹைரா