‘கவனிச்சாச்சு’க்கு என்ன ஆங்கிலம்?

ஜூன் 9, திங்கள்

தோசை மாவு புளித்துவிட்டது. கிடக்கட்டும், எனக்கு வேலை கிடைத்துவிட்டது! ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சருக்கு, அறுபது வயதில்! கிழக்குத் தாம்பரத்தில் பியூலா என்ற வக்கீலிடம் மொழிபெயர்ப்பு வேலை.

ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆகவே நாட்டின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் இங்கேயும் எழுதப் போவதில்லை. ‘பனி நாடு’ என்று வைத்துக்கொள்கிறேன். பனி நாட்டுத் தண்ணீர் மீட்டர் கம்பெனி ஒன்றுக்கு நம் பக்கத்தில் கிளை. கிளைக்காரர்கள் இங்குள்ள அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்தார்களாம். விசாரிப்பது யார்? பனி நாட்டு அரசு!

தோத்தாத்ரிக்கு (கணவர் பெயரை இந்த நோட்டில் மட்டும்தான் எழுதுவேன்) இது புரியவேயில்லை. “குடுத்ததும் நம்மூர்ல, வாங்கினதும் நம்மூர்ல. அவா கவர்மென்ட்டுக்கு எங்க வலிக்கறது?”

பியூலா சொன்னதை ஒப்பித்தேன். தன் நாட்டுக் கம்பெனி எந்த ஊரில் லஞ்சம் கொடுத்தாலும் அந்த நாட்டில் குற்றம். கம்பெனியே முன்வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டால் அபராதம் குறையும். அதனால்தான் அவர்களே பியூலா மாதிரி வக்கீல்களை வைத்து, தங்கள் கிளையைத் தாங்களே குடைகிறார்கள்.

“பேஷ், நன்னாயிருக்கே!” என்று இரண்டாவது காபி கேட்டார்.

ஜூன் 12, வியாழன்

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. கிளை மேலாளர் வாட்ஸப்பில், ‘அதிகாரியை கவனிச்சாச்சு’ என்று எழுதியிருக்கிறார். கம்ப்யூட்டர் அதை ‘அதிகாரியை உற்று நோக்கினோம்’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறது. இந்தியாவில் எதற்காக அதிகாரிகளை இப்படி உற்று நோக்குகிறார்கள் என்று பனி நாட்டு வக்கீல்கள் ஆறு மாதமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டார்களாம்.

கவனிப்பு என்றால் லஞ்சம் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன். பியூலா கை குலுக்கினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

இன்று நாற்பத்தோரு ‘கவனிப்பு’கள். செய்திகளைத் தனித்தனி வரியாகப் பிரித்துப் பட்டியல் போட்டுத் தந்திருந்தார்கள். லஞ்சம், லஞ்சம் என்று எழுதித் தள்ளினேன். குமரவேல் என்ற ஊழியருடையது ஒன்று: ‘சாரை நான் கவனிச்சிகினேன்’. இந்தக் ‘கினு’, ‘கீது’ தமிழே எனக்கு ஆகாது. அதற்கும் லஞ்சம்தான் போட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

குமரவேலை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். கீழ்க்கட்டளையில் குடியிருக்கிறவர், லைசென்ஸ் வேலையாக ஆபீஸ் ஆபீஸாக அலைகிறவர், இரண்டு பெண்கள். பனி நாட்டு அரசு வெளியிடும் அறிக்கையில் பெயர் வந்துவிட்டால் வேறெந்தக் கம்பெனியும் சேர்க்காது என்றாள் பியூலா. செய்தவர் அனுபவிக்கட்டும் என்றேன்.

ஜூன் 26, வியாழன்

இன்று குமரவேலிடம் விசாரணை. திரையில் பனி நாட்டு வக்கீலம்மா, எதிரே குமரவேல், நடுவில் மொழிபெயர்க்க நான். இந்த வரியை எழுதியது நீங்களா என்று கேட்டோம்.

“நான்தான் மேடம். கவனிச்சிகினேன்னா கவனிச்சிகினேன், இதுல இன்னா கீது? அந்த ஆபீசர் சாருக்கு சுகரு. மீட்டர் செக் பண்ண வந்த எடத்துல மயக்கம் போட்டு உழுந்துட்டாரு. ஆட்டோல குரோம்பேட்டை ஜி.எச்.சுக்கு இட்டுகினு போயி, அவரு வூட்டம்மா வர்ற வரைக்கும் கூடவே குந்திகினு இருந்தேன். மேனேஜரு இன்னா ஆச்சுன்னு கேட்டாரு, அதான் போட்டேன்.”

ஐயோ! கவனிச்சாச்சு வேறு, கவனித்துக்கொண்டேன் வேறு. அம்மா படுக்கையில் இருந்தபோது ‘நான் கவனிச்சுக்கறேன்’ என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அந்தக் ‘கினு’வை நான் படிக்கவே இல்லை, அழுக்கு மாதிரி தட்டிவிட்டேன். என்னடி வித்யா, ஒரு மனுஷன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே!

அவர் சொன்னதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். மாட்டிக்கொண்டவர் சொல்லும் சாக்காகப் போயிருக்கும். எழுந்து நின்று, மொழிபெயர்ப்பு தவறு, தவறு என்னுடையது என்றேன். பிறகு ‘கொள்’ என்ற துணைவினை பற்றிக் கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். முப்பது வருடத்தில் அவ்வளவு பிரமாதமாக நான் எடுத்ததில்லை.

வெளியே வந்ததும் குமரவேல் கேட்டார்: “இங்கிலீஷ்ல இன்னாமோ கத்துனீங்களே மேடம், என்னியா திட்டுனீங்க?”

“என்னையேதான் திட்டிண்டேன்” என்று எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “வுடுங்க மேடம். அத்த அவங்க முன்னால சொன்னீங்க பாருங்க, அது போதும்” என்றார். பஸ்ஸில் வரும்போது அழுதேன்.

ஜூன் 27, வெள்ளி

ஜி.எச். சீட்டு கிடைத்துவிட்டது, அந்தச் செய்தியின் தேதியோடு பொருந்துகிறது! மற்ற நாற்பதையும் முன்பின் செய்திகளோடு சேர்த்து மறுபடி படித்தேன். அவை லஞ்சமேதான்.

ஜூலை 14, திங்கள்

குமரவேல் வேலைக்குத் திரும்பிவிட்டார். மேலாளரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அறிக்கை வரும்வரை எதுவும் நிச்சயமில்லை என்கிறாள் பியூலா. அதற்காகப் பாயசம் வைக்காமல் இருக்க முடியுமா? வைத்தேன்.

நவம்பர் 20, வியாழன்

அறிக்கை வந்துவிட்டது! கம்பெனி தானே ஒப்புக்கொண்டதால் அபராதத்தில் பாதியைக் குறைத்திருக்கிறார்கள். லஞ்சத்துக்குத் தலையாட்டிய தலைமை அலுவலகப் பெரியவர்கள் இரண்டு பேரை அங்கே கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். ஆவணங்கள் நம் அரசுக்கும் வந்துவிட்டன, வாங்கியவர்கள் இங்கே பதில் சொல்ல வேண்டும். “உன்னோட நாப்பதும் வந்திருக்கா?” என்று தோத்தாத்ரி பக்கத்திலேயே நின்றார். அத்தனையும் வந்திருக்கிறது.

அறுபத்திரண்டு பக்கம். குமரவேல் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் தேடினேன். பிறகு அந்தத் தேடலை நம்பாமல் முதல் பக்கத்திலிருந்து கண்ணாலேயே படித்தேன். உடனே கீழ்க்கட்டளைக்கு போன் போட்டேன்.

“எங்கியாச்சும் என் பேரு போட்டுகீறாங்களா மேடம்?”

“எங்கேயுமே இல்லை” என்றேன். அவருடைய இரண்டு பெண்களும் போட்ட கூச்சலில், அவர் அடுத்து என்ன சொன்னார் என்பது என் காதில் விழவே இல்லை.